பள்ளி இசைக்குழுவில் முதல் ஆண்டு: சேர்வதிலிருந்து கச்சேரி வரை

உயர்நிலைப் பள்ளியில் இசை வகுப்பும் இசைக்குழுவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே போனால் வேலை வேறு. வகுப்பில் ஆசிரியர் உங்கள் கையைப் பார்ப்பார், விரலைத் திருத்துவார். குழுவில் 40, 50 பேருக்கு நடுவே உங்கள் ஒலி எங்கே பொருந்த வேண்டும் என்பதை நீங்களேதான் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் விரல் வேகம் போதாமல் அல்ல. எண்ணிக்கையைத் தவறவிடுவார்கள், நடத்துநரை (முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்துபவரை) பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்க மாட்டார்கள். அதனால் இங்கே வாத்தியத்துக்குக் கொடுக்கும் அதே இடத்தைக் காதுக்கும் கொடுத்திருக்கிறோம்.

எந்தக் குழு, எந்த வாத்தியம்

கன்சர்ட் பேண்டில் ஊதும் வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் இருக்கும். ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவில் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ். இரண்டும் சேர்ந்தால் முழு ஆர்கெஸ்ட்ரா. ஜாஸ் பேண்டின் வழக்கமான அமைப்பு 17 பேர்: 5 சாக்ஸஃபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன், அவற்றோடு பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். பாடகர் குழு தனி. சேம்பர் குழுக்கள் சிறியவை. ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்றால் 2 வயலின், 1 வியோலா, 1 செல்லோ. அதில் ஒரு பகுதிக்கு ஒருவர்தான் என்பதால் யார் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. முதல் ஆண்டில் பெரிய குழுவில் இருந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் சேம்பர் குழுவுக்குப் போனால் வளர்ச்சி வேகமாக இருக்கும்.

14 வயதில் புதிதாகத் தொடங்குவது தாமதமா என்று பலர் கேட்கிறார்கள். தாமதமில்லை, ஆனால் வாத்தியத்தைத் தேர்ந்தெடுப்பதில் யோசனை வேண்டும். முதல் வயலின், புல்லாங்குழல் (இங்கே உலோக ஃபுளூட்), ஆல்டோ சாக்ஸ் வரிசைகளில் பல ஆண்டு வாசித்தவர்கள் ஏற்கனவே உட்கார்ந்திருப்பார்கள். வியோலா, டபுள் பேஸ், டியூபா, பாசூன், பேஸ் கிளாரினெட் ஆகியவற்றுக்கு ஆள் குறைவு. ஏற்கனவே ஒன்று வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறுக்கு வழிகளும் உண்டு. வயலின் வாசிப்பவர் வியோலாவுக்கு மாறலாம். புதிதாகக் கற்க வேண்டியது ஆல்டோ கிளெஃப் (எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் குறி) மட்டும்தான், கை அமைப்பு கிட்டத்தட்ட அதேதான். டிரம்பெட் வாசிப்பவர் டிரெபிள் கிளெஃபில் எழுதிய யூஃபோனியம் பகுதியை அதே விரல்களால் வாசிக்கலாம். பியானோ கற்றவர் சைலஃபோன், மாரிம்பா பக்கம் போனால் முதல் நாளே குறிப்புகள் (சுரங்கள்) எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருக்கும்.

தாள வாத்தியம்தான் எல்லாவற்றிலும் எளிது என்று நினைத்துச் சேர்பவர்கள் ஏமாறுவார்கள். ஒரே பாடலில் ஒருவர் ஸ்நேர், முக்கோணம், சிம்பல் என மூன்று வாத்தியங்களுக்கு மாற வேண்டியிருக்கும். 60 பார் (ஒரு பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) சும்மா நின்றுவிட்டு 61ஆம் பாரில் ஒரே ஒரு அடி. அந்த ஒரு அடி தப்பினால் அரங்கமே கேட்கும்.

வாங்கும் முன்

முதல் ஆண்டில் வாடகைக்கு எடுங்கள், அல்லது பள்ளி வாத்தியத்தைக் கேளுங்கள். டியூபா, பாசூன், டபுள் பேஸ் போன்ற பெரியவற்றைப் பள்ளிகளே வைத்திருப்பது வழக்கம். பெயர் தெரியாத மலிவான புது வாத்தியம் வேண்டவே வேண்டாம். அதன் உலோகம் மிருதுவாக இருக்கும், சாவிகள் (விரலால் அழுத்தும் பாகங்கள்) வளையும், உதிரி பாகம் கிடைக்காது என்பதால் பழுதுபார்ப்பவர் கையில் எடுக்கவே தயங்குவார். சரியாக ஒலிக்காத வாத்தியத்தில் கற்பவர் தவறு தன்னுடையது என்று நம்பி ஆறு மாதத்தில் விட்டுவிடுகிறார். இது அடிக்கடி நடக்கிறது, தடுக்கக்கூடியதும்கூட.

பழைய வாத்தியம் கிடைத்தால் இவற்றைச் சோதியுங்கள். டிரம்பெட்டில் மூன்று வால்வுகளும் அழுத்தி விட்டவுடன் தடையில்லாமல் எழும்ப வேண்டும், டியூனிங் ஸ்லைடு கையால் நகர வேண்டும். டிராம்போனைச் செங்குத்தாகப் பிடித்து, கையைத் தயாராகக் கீழே வைத்துக்கொண்டு ஸ்லைடை மெல்ல விட்டுப் பாருங்கள். நடுவில் சிக்கினால் குழாயில் நெளிவு இருக்கிறது. கிளாரினெட்டில் மரம் விரிசல் விட்டிருக்கிறதா என்று மேல் பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வயலினில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாய்ந்திருக்கிறதா, கம்பியை முறுக்கும் ஆணி வழுக்குகிறதா, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வியோலாவுக்கு நிலையான ஒரே அளவு கிடையாது. 15 முதல் 16.5 அங்குலம் வரை பரவலாக உண்டு, கை நீளத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதல் வாரத்தில் உடைபவை

வாத்தியம் அதிகம் பழுதாவது வாசிக்கும்போது அல்ல, பொருத்தும்போதும் கழற்றும்போதும்தான்.

கிளாரினெட்டின் மேல், கீழ் பாகங்களை இணைக்கும்போது நடுவில் ஒரு பாலச் சாவி உண்டு. மேல் பாகத்தின் வளையச் சாவிகளை அழுத்திப் பிடித்தால் அந்தப் பாலம் உயரும். அழுத்தாமல் திருகினால் இரண்டும் மோதி வளையும். வளைந்த பின் ஒலி கீச்சிடும், காரணம் தெரியாமல் ரீடை (ஊதும் முனையில் அதிரும் மெல்லிய நாணல் தகடு) மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். கார்க் இறுக்கமாக இருந்தால் கார்க் கிரீஸ் சிறிது தடவுங்கள். புல்லாங்குழல் இணைப்புக்கு மட்டும் கிரீஸ் எதுவும் கூடாது; அங்கே உலோகத்தோடு உலோகம் சேர்கிறது, தூசியைத் துடைத்தால் போதும். சாவிகளின் மேல் கை வைத்து இறுக்காமல், சாவி இல்லாத இடத்தைப் பிடித்துத் திருப்புங்கள்.

டிரம்பெட் வால்வுக்கு எண்ணெய் விட்ட பிறகு ஊதினால் காற்றே போகவில்லையா? வால்வு இடம் மாறியிருக்கும், அல்லது திரும்பியிருக்கும். ஒவ்வொரு வால்விலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். அதற்குரிய குழலில் போட்டு, மெல்லத் திருப்பினால் ஒரு 'கிளிக்' கேட்கும். மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் முனை) சிக்கிக்கொண்டால் குறடு எடுக்காதீர்கள். அதற்கென்றே புல்லர் என்ற கருவி இருக்கிறது, இசை ஆசிரியர்கள் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். குறடு போட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

ரீட் வாத்தியம் என்றால் பெட்டியில் எப்போதும் நல்ல நிலையில் 3 அல்லது 4 ரீட் இருக்கட்டும், மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் 2 அல்லது 2½ எண் போதும். கடினமான ரீட் இருந்தால் பெரிய வாசிப்பாளர் என்று ஒரு தவறான எண்ணம் மாணவர்களிடம் சுற்றி வருகிறது. உதட்டுத் தசைக்கு ஏற்றது எதுவோ அதுவே சரியான எண். வாசித்த பிறகு ரீடை மவுத்பீஸிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும், நுனி அலையலையாக நெளியும்.

வயலின் குடும்பத்தார் வில்லின் முடியை விரலால் தொடக் கூடாது. தோல் எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் (வில் முடிக்குப் பூசும் பிசின்) ஒட்டாது, கம்பி வழுக்கும். வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்துங்கள். இல்லையென்றால் வில்லின் குச்சி நாளடைவில் வளைவை இழந்துவிடும். ரோசின் தினம் நான்கைந்து இழுப்பு போதும். கம்பியின் கீழே வெள்ளைத் தூள் படிந்தால் அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள், துணியால் துடையுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக: இனிப்பு சாப்பிட்ட வாயோடு ஊத வேண்டாம், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு எடுங்கள். சர்க்கரை, சாவிகளின் அடியில் துளையை மூடும் பேடுகளில் படிந்து ஒட்டும். பெட்டியில் பென்சில் இரண்டு வையுங்கள். பேனா வேண்டாம், இசைத்தாள் அடுத்த ஆண்டு இன்னொருவருக்குப் போகும்.

தாளில் இருப்பதும் காதில் கேட்பதும்

ஆசிரியர் "குழுவின் பி ஃபிளாட் கொடுங்கள்" (பி என்ற சுரத்துக்கு அரைச் சுரம் கீழே) என்றால் எல்லோரும் ஒரே குறிப்பை வாசிக்க மாட்டார்கள். புல்லாங்குழல், ஓபோ, டிராம்போன், டியூபா பி ஃபிளாட் என்றே வாசிப்பார்கள். கிளாரினெட், டிரம்பெட், டெனர் சாக்ஸ் வாசிக்க வேண்டியது சி. ஆல்டோ சாக்ஸும் பாரிடோன் சாக்ஸும் ஜி. ஹார்ன் எஃப். வாசிப்பது வேறானாலும் ஒலிப்பது ஒரே சுருதி. இந்த வாத்தியங்களுக்கு எழுதிய குறிப்பும் ஒலிக்கும் குறிப்பும் வேறு என்பதே காரணம். சாக்ஸ் குடும்பத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலும் விரல் மாறாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. உங்கள் வாத்தியத்துக்கான கணக்கை முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள். தாளை மறந்து வந்த கிளாரினெட்காரர் பக்கத்துப் புல்லாங்குழல் தாளைப் பார்த்து வாசித்தால் ஒரு முழு சுரம் கீழே ஒலிக்கும்.

கர்நாடக இசை படித்துவிட்டு வருபவர்களுக்குத் தாளமும் காதும் ஏற்கனவே பலமாக இருக்கும். அது பெரிய சொத்து. மாற்றிக்கொள்ள வேண்டியவை மூன்று. ஸ இங்கே பாடகருக்கு ஏற்ப நகராது. சி என்றால் எப்போதும் சிதான். ஒரு சுரத்தை அசைத்து, பக்கத்துச் சுரத்தைத் தொட்டு வாசிக்கும் பழக்கத்தை ஒத்திகை அறையில் நிறுத்திவைக்க வேண்டும், 10 பேர் ஒரே குறிப்பை நேராகப் பிடிக்கும்போது ஒருவர் மட்டும் கமகம் கொடுத்தால் சுருதி கலங்கிவிடும். கையால் தாளம் போட முடியாது, கை வாத்தியத்தில் இருக்கும். காலணிக்குள் கட்டைவிரலால் போடுங்கள். பாதத்தைத் தரையில் தட்டினால் அந்தச் சத்தம் மெல்லிய இடங்களில் கேட்கும்.

ஆடிஷன்

பெரும்பாலான குழுக்களில் ஆடிஷனுக்கு (சேர்க்கைத் தேர்வுக்கு) மூன்று பகுதிகள்: ஸ்கேல்கள் (ஏறி இறங்கும் சுர வரிசைகள்), தயாரித்து வந்த பாடல், பார்த்தவுடன் வாசித்தல். பேண்ட்காரர்கள் ஃபிளாட் ஸ்கேல்களை முதலில் உறுதியாக்குங்கள்; குழுவின் கணக்கில் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட். ஸ்ட்ரிங் மாணவர்கள் டி, ஜி, ஏ, சி. திறந்த கம்பிகள் அந்த ஸ்கேல்களில் பொருந்துவதால் ஸ்ட்ரிங் இசை அந்தப் பக்கம் சாயும்.

தயாரிக்கும் பாடலில் வேகத்தைக் காட்ட நினைக்காதீர்கள். குறித்த வேகத்தில் பாதி தூரம் ஓடிச் சிதறுவதைவிட, அதில் 80 விழுக்காடு வேகத்தில் கடைசி வரை சீராக வாசிப்பவரைத்தான் ஆசிரியர் எடுப்பார். அவர் தேடுவது குழுவில் நம்பி உட்கார வைக்கக்கூடியவரை. எந்த வேகத்தில் தொடங்குவது என்பதைப் பாடலின் முதல் பாரை வைத்து முடிவு செய்யக் கூடாது. உள்ளதிலேயே கடினமான பாரை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், அது எந்த வேகத்தில் வருகிறதோ அதே வேகத்தில் தொடங்குங்கள்.

பார்த்தவுடன் வாசிக்கும் பகுதியில் தாளைக் கொடுத்ததும் சில நொடிகள் அவகாசம் தருவார்கள். அந்த நொடிகளில் முதல் வரியை ஊமையாக வாசித்துப் பார்ப்பது வீண். இந்த வரிசையில் பாருங்கள்: டைம் சிக்னேச்சர் (ஒரு பாருக்கு எத்தனை அடி என்ற குறி), கீ சிக்னேச்சர் (எந்தச் சுரங்கள் ஷார்ப், ஃபிளாட் என்ற குறி), நடுவில் அவை எங்காவது மாறுகிறதா, திரும்ப வாசிக்கும் குறி எங்கே இருக்கிறது, மிகக் கருப்பாகத் தெரியும் பார் எது. அந்தக் கருப்புப் பாரின் தாளத்தை மட்டும் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். வாசிக்கத் தொடங்கிய பின் எது நடந்தாலும் நிற்காதீர்கள், திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். தவறிய சுரத்துக்கு ஒரு மதிப்பெண் போகும். நின்றால் தாளமே போய்விடும்.

வீட்டில் என்ன செய்வது

வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் தொடக்கத்துக்குப் போதும். ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் உதடும் விரலும் களைத்துவிடும், களைத்த பின் வாசிப்பதெல்லாம் தவறான பழக்கமாகப் படியும். 30 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: நீண்ட சுரங்கள் 5 நிமிடம், ஸ்கேல் 7 நிமிடம், வராத இடங்கள் 13 நிமிடம், கடைசி 5 நிமிடம் முழுதாக ஓட்டிப் பார்ப்பது. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாடலை முதலிலிருந்து வாசிப்பார்கள், 12ஆம் பாரில் தவறும், மறுபடி முதலிலிருந்து. இப்படி முதல் 11 பார் மட்டும் நாளுக்கு இருபது முறை பழகும், 12ஆம் பார் அப்படியே இருக்கும்.

வராத இடத்துக்கு வழி இது. அந்த ஒரு பாரை மட்டும் எடுங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். தொடர்ந்து 3 முறை தவறில்லாமல் வந்தால் 4 கூட்டி 64. தவறினால் 4 குறையுங்கள். இலக்கு வேகம் வந்த பிறகு முந்தைய பாரின் கடைசி பீட்டை (தாள அடியை) சேர்த்து வாசியுங்கள், பிறகு அடுத்த பாரின் முதல் பீட்டையும். தவறு பெரும்பாலும் பாருக்குள் இருக்காது, பாருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும்.

பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்த நேரத்துக்கு நிகராக ஓய்வும் கொடுங்கள். உதடு தசைதான். பல்லில் கம்பி போட்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் வலிக்கும், உயர் சுரங்கள் காணாமல் போகும். மவுத்பீஸை அழுத்திச் சமாளிக்க நினைத்தால் உட்புறம் கிழியும். பல் மருத்துவர் தரும் மெழுகை வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, கீழ் ஸ்தாயியில் வாசியுங்கள். ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவர் பகுதியை மாற்றித் தருவார்.

ஒத்திகை அறை

உங்கள் பகுதியை ஒத்திகையில் கற்கக் கூடாது. அதை வீட்டில் முடித்துவிட்டு வர வேண்டும். ஒத்திகையில் கற்க வேண்டியது மற்றவர்களின் பகுதியை: உங்களுக்கு முன் யார் வருகிறார்கள், உங்கள் சுரத்தோடு யாருடைய சுரம் சேர்கிறது, முக்கிய மெட்டு இப்போது யார் கையில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டவருக்கு எண்ணிக்கை தவறினாலும் வழி தெரியும்.

10 நிமிடம் முன்னதாக வந்து உட்காருங்கள். சுருதி சேர்ப்பதற்கு முன் 5 நிமிடமாவது ஊதியிருக்க வேண்டும். குளிர்ந்த குழலில் சுருதி தாழ்ந்திருக்கும், மூச்சில் சூடேற ஏற ஏறும். சூடாகுமுன் சேர்த்த சுருதி கால் மணியில் பொய்யாகிவிடும். கம்பி வாத்தியத்தில் நேர்மாறு, சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். அதனால் மேடை விளக்கின் கீழ் இரண்டு குழுக்களும் எதிர்த் திசையில் நகரும். இடையில் ஒரு முறை மறுபடி சேர்ப்பதற்குக் காரணம் இதுவே.

ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக ஓபோ ஏ கொடுக்கும், பரவலாக 440 ஹெர்ட்ஸ். பேண்டில் பி ஃபிளாட். சேர்க்கும்போது, சுருதியை அளந்து காட்டும் டியூனரின் பச்சை விளக்கை மட்டும் பார்க்காமல் இரு ஒலிகளுக்கு இடையில் வரும் அதிர்வைக் கேளுங்கள். ஒருவர் 440, மற்றவர் 442 என்றால் நொடிக்கு 2 முறை 'வவ் வவ்' என்று ஒலி ஏறி இறங்கும். ஸ்லைடை நகர்த்த நகர்த்த அந்த அலை மெதுவானால் சரியான திசையில் போகிறீர்கள், வேகமானால் தவறான திசை. நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது. சுருதி அதிகமாக இருந்தால் ஊதும் வாத்தியத்தின் குழலை நீட்டுங்கள், குறைவாக இருந்தால் உள்ளே தள்ளுங்கள். கம்பியைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்த்தால்தான் நிற்கும்.

சேர்த்துவிட்டதால் எல்லா சுரமும் சரியாகிவிடாது. டிரம்பெட்டில் 1, 3 வால்வு சேர்ந்தாலும் மூன்றும் சேர்ந்தாலும் சுருதி கூடும். ஒவ்வொரு வால்வுக் குழாயும் தனியாகப் பயன்படும்போதைய நீளத்துக்கு அளந்தது, சேரும்போது மொத்த நீளம் போதாது. மூன்றாம் ஸ்லைடை விரலால் தள்ளி நீட்ட வேண்டும். புல்லாங்குழல் சத்தமாக ஊதினால் சுருதி ஏறும், கிளாரினெட் சத்தமாக ஊதினால் இறங்கும். ஒலி பெருகும் இடங்களில் இந்த இரண்டு வரிசைகளும் விலகிப் போவது இதனால்தான். ஒருவரையொருவர் குறை சொல்லாமல் இருவரும் உதட்டால் எதிர்த் திசையில் இழுக்க வேண்டும். கார்டில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டில்) உங்கள் சுரம் மேஜர் தேர்டு (அடிச் சுரத்திலிருந்து நான்கு அரைச் சுரம் மேலே உள்ளது) என்றால் டியூனர் காட்டுவதைவிட ஏறக்குறைய 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்த்தினால்தான் கார்டு அசையாமல் நிற்கும். அதாவது, அங்கே பச்சை விளக்கு எரிந்தால் நீங்கள் தவறு. இதை டியூபாவையோ பேஸையோ கேட்டுக்கொண்டு, அதன் மேல் உங்கள் சுரத்தை வைப்பதால் மட்டுமே பிடிக்க முடியும்.

இடைவெளிகளை எண்ண ஒரு முறை: 1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4 என்று முதல் எண்ணில் பாரைச் சொல்லுங்கள். விரல் மடக்கியும் வைத்துக்கொள்ளலாம். நீண்ட இடைவெளி முடியும் இடத்தில் என்ன கேட்கும் என்பதைத் தாளில் எழுதுங்கள்: "ஹார்ன் முடிந்ததும்", "டிம்பானி உருட்டல்". இது ஒத்திகையில்தான் தெரியும், வீட்டில் தெரியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நுழையலாம் என்று இருக்காதீர்கள். அவரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடத்துநரின் கை அசைவில் முதல் பீட் எப்போதும் கீழ் நோக்கி வரும். 4/4இல் கீழே, இடது, வலது, மேலே. 3/4இல் கீழே, வலது, மேலே. இடது, வலது என்பது அவருடைய பக்கத்திலிருந்து. எதிரே இருக்கும் உங்களுக்கு மாறித் தெரியும். தொடங்குவதற்கு முந்தைய தயாரிப்பு அசைவைக் கவனியுங்கள். வேகம், பலம், மூச்சு எடுக்கும் நேரம் எல்லாம் அந்த ஒரு அசைவில் வந்துவிடும். ஸ்டாண்டை நடத்துநரின் கை தாளுக்கு மேலே தெரியும் உயரத்தில் வையுங்கள், அப்போது தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் போதும்.

பின் வரிசைக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். முன் வரிசையிலிருந்து 10 மீட்டர் பின்னால் நிற்கும் டிரம்ஸ்காரருக்கு அவர்கள் வாசிப்பது 0.03 நொடி தாமதமாகக் கேட்கும். அதைக் கேட்டு அவர் அடித்தால், அந்த அடி முன்னால் போய்ச் சேர இன்னும் 0.03 நொடி. நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் இது கால் பீட்டின் பாதிக்குச் சமம். குழு இழுபடுவதற்கு இது போதும். பின்னால் இருப்பவர்கள் காதை விட்டுவிட்டு நடத்துநரின் குச்சியைப் பார்த்து அடிக்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வரும் தாளத்தோடு சேரலாம். அதே பின் வரிசையில் இன்னும் இரண்டு: சிம்பல்களைத் தட்டையாக மோதினால் நடுவில் காற்று சிக்கி 'தொப்' என்று அடங்கும், சற்றுச் சாய்த்து மோதுங்கள். ஸ்நேர் வாசிக்காத நேரத்தில் அதன் அடியில் உள்ள கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். இல்லையென்றால் மற்றவர்கள் மெல்ல வாசிக்கும்போது அது தானாக அதிரும்.

ஸ்ட்ரிங் வரிசையில் ஒரு ஸ்டாண்டுக்கு இருவர். உள் பக்கம் உட்காருபவர் பக்கம் திருப்புவார், வெளிப் பக்கம் இருப்பவர் வாசிப்பை நிறுத்தமாட்டார். வில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதை வரிசைத் தலைவர் முடிவு செய்வார், அதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேறு திசை வசதியாக இருந்தாலும் ஒத்துப் போங்கள். வில்லின் எடை அடிப்பாகத்தில் அதிகம், நுனியில் குறைவு. திசை மாறினால் அழுத்தமும் மாறி ஒலி வேறாகக் கேட்கும்.

பாடகர் குழுவுக்கு

சோப்ரானோ ஏறத்தாழ மத்திய சியிலிருந்து மேல் ஸ்தாயி ஏ வரை. ஆல்டோ மத்திய சிக்குக் கீழ் உள்ள ஜியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயி வரை. டெனர் தாளில் டிரெபிள் கிளெஃபின் அடியில் சிறிய 8 இருந்தால் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும். எந்த வரிசை என்பதை மிக உயர்ந்த சுரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தப் பகுதியில் அரை மணி நேரம் களைக்காமல் பாட முடிகிறதோ அதுவே உங்கள் வரிசை.

குரல் உடையும் வயதில் இருக்கும் பையன்களுக்குப் பாடக்கூடிய சுரங்கள் சில மாதங்களுக்கு வெகுவாகச் சுருங்கும். நேற்று வந்த சுரம் இன்று வராது. குரல் நாண்கள் நீளமாகிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த நாள்களில் பாடுவதை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் வராத சுரத்தைத் தொண்டையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அந்தச் சுரத்தை விட்டுவிட்டு வருகிற சுரங்களை மட்டும் பாடுங்கள், ஆசிரியரிடம் மாதம் ஒரு முறை குரலைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெண்களின் குரலிலும் இந்த வயதில் காற்று கலந்த ஒலி வரும், அது தானே தெளியும்.

நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் ஓட்டை விழும். பக்கத்தில் இருப்பவர் எடுக்காத இடத்தில், ஒரு சொல்லின் நடுவில், ஓசையில்லாமல் எடுங்கள். திரும்ப நுழையும்போது மெல்ல நுழையுங்கள். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எந்த பீட்டில் மூடுவது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30 பேர் 'ஸ்' ஒலியை 30 நேரத்தில் மூடினால் அரங்கம் சீறும்.

காது

85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பான எல்லை என்று தொழில் மருத்துவ நெறிகள் பரிந்துரைக்கின்றன. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் 1 மணி நேரம்தான். சிறிய அறையில் முழு பேண்ட் வாசித்தால் இந்த அளவு எளிதாக வந்துவிடும். டிரம்ஸ் பக்கத்திலும், டிரம்பெட் வரிசைக்கு நேர் முன்னாலும் இருப்பவர்கள் இசைக்கலைஞர்களுக்கான காது அடைப்பான் வாங்குங்கள். பஞ்சு போன்ற சாதாரண அடைப்பான் உயர் ஒலிகளை அதிகம் மழுங்கடித்துவிடும். இசைக்கலைஞர்களுக்கானது எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவு குறைக்கும், சுருதி தெளிவாகக் கேட்கும். ஒத்திகைக்குப் பிறகு காதில் இரைச்சல் இருந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, அடுத்த ஒத்திகைக்கு முன்பே இடம் மாற்றிக் கேளுங்கள்.

கச்சேரி நாள்

முந்தைய நாள் இரவே பெட்டியைச் சரிபாருங்கள்: தாள்கள் வரிசையாக, ரீட், எண்ணெய், மாற்றுக் கம்பி, பென்சில். காலையில் புது ரீடையோ புதுக் கம்பியையோ போடாதீர்கள். புதுக் கம்பி சில நாள்கள் நீண்டுகொண்டே இருக்கும், சுருதி நிற்காது. மேடை அமைப்பு ஒத்திகை அறையைவிட அகலமாக இருக்கும், வழக்கமாகக் கேட்கும் ஒலி கேட்காது. அதற்குப் பதறி வேகமாக வாசிக்கத் தோன்றும், நடத்துநரின் கை அசைவிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். உங்கள் தவறு முகத்தில் தெரியாவிட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

முடிந்ததும் வாத்தியத்தின் ஈரத்தைத் துடைத்து, தாளில் எழுதிய குறிப்புகளை ஆசிரியர் கேட்டால் அழித்து, எண் சரிபார்த்துத் திருப்பிக் கொடுங்கள். விடுமுறைக்கு வயலினையோ செல்லோவையோ எடுத்துவைப்பவர்கள் கம்பிகள் நான்கையும் முழுதாகத் தளர்த்திவிடாதீர்கள். உள்ளே பசையில்லாமல் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி, அழுத்தம் போனால் விழுந்துவிடும், அதை மறுபடி நிறுத்த கைவினைஞரிடம்தான் போக வேண்டும். வில்லை மட்டும் தளர்த்துங்கள்.